குளத்தருகே ஓர் ஆள்

(வானொலி மறையுரை)



எருசலேமில் பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகளாய் நோயுற்றுக் கிடந்த ஒருவரை யோவான் நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் சந்திக்கிறோம். நலம்பெற விருப்பமா என்று ஆண்டவர் கேட்கிறார். அவர் ஆம் என்று சொல்லவில்லை. தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்கிறார். குளம் இருந்தது. இறங்கும் வழியும் தெரிந்திருந்தது. உடன்வர ஆள்தான் இல்லை.

எங்கள் பங்கில் ஒரு தாய். மகனுக்கு 19 வயது. பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். நடக்கவோ பேசவோ இயலாது. ஆண்டுதோறும் அவனைத் தூக்கிக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் போவார். அரசு உதவித்தொகைக்கு மனு கொடுத்தீர்களா என்று ஒருநாள் கேட்டேன்.

"சாமி, இத்தனை சதவீதம் ஊனம்னு டாக்டர் எழுத, நானும் அதை வாங்கிக்கிட்டா, இவன் குணமாக மாட்டான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?" என்றார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு சொன்னேன்: "அம்மா, தொழுநோயாளரைக் குணமாக்கிய ஆண்டவர், குருவிடம் போய்க் காட்டச் சொல்லித்தான் அவரை அனுப்பினார். பார்த்துச் சான்று சொல்லும் பொறுப்பு அன்று குருவிடம் இருந்தது. அந்த நடைமுறையை இயேசு ஒதுக்கவில்லை. மருத்துவர் எழுதுவது உங்கள் மகனின் இன்றைய நிலை. அது கடவுளின் கையைக் கட்டிப்போடாது."

அவர் சம்மதித்தார். என் கடமை முடிந்தது என்று நானும் இருந்துவிட்டேன். மகனைச் சுமந்துகொண்டு அவர் மூன்று முறை அலைந்தார். ஒருமுறை மருத்துவர் வரவில்லை; ஒருமுறை ஆதாரில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் வேறு பெயர். இன்னொரு முறை, யாரைக் கேட்பது என்றே தெரியாமல் திரும்பிவிட்டார். நான்காம் முறை அன்பியத்து இளைஞர் ஒருவர் உடன் போனார். வேலை முடிந்தது. நான் நல்ல வார்த்தை சொன்னேன். அந்தத் தம்பிதான் குளத்தில் இறக்கிவிட்டார்.

அன்பர்களே, இது பிச்சை அல்ல, உரிமை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. முதலில் வேண்டியது மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் முகாம் நடக்கும் நாளைச் சொல்வார்கள். 75 சதவீதமும் அதற்கு மேலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. அறிவுசார் குறைபாட்டிற்கு 40 சதவீதமே போதும். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று புறப்படுமுன் பாருங்கள். சான்றில் எழுதிய அளவு சரியில்லை என்று பட்டால் மேல்முறையீடு செய்யவும் சட்டம் இடம் தருகிறது.

ஒவ்வோர் அன்பியத்தையும் ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருவில் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஒருவரைத் தேடுங்கள். "மனு கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அவரோடு போங்கள். இந்த அறிவுரை முதலில் எனக்கு.

அந்த மகன் இன்னும் நடக்கவில்லை. தாய் இன்னும் வேளாங்கண்ணிக்குப் போகிறார். பேருந்துச் செலவுக்கு இப்போது கடன் வாங்குவதில்லை.

ஆளில்லை என்று இனி யாரும் சொல்லாதபடி நம்மை அனுப்ப ஆண்டவரை மன்றாடுவோம். ஆமென்.