ஒரு கரண்டி தனியாக எடுத்து வையுங்கள்

அடுப்பில் வத்தக்குழம்பு கொதிக்கிறது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் புளிப்பு தூக்கலாக இருக்கிறது. உடனே கை வெல்ல டப்பாவைத் தேடுகிறது. இனிப்பு தட்டுகிறதே என்று மிளகாய்த்தூள். காரம் ஏறிவிட்டதே என்று தண்ணீர். நீர்த்துப் போயிற்றே என்று மறுபடி உப்பு. கால்மணி நேரத்தில் அது வத்தக்குழம்பாகவே இருப்பதில்லை. முதலில் இருந்த குறை சின்னது. திருத்தப்போன அவசரம்தான் குழம்பைக் கெடுத்தது.

ருசி சரியில்லை என்று பட்டால் பாத்திரத்தில் எதையும் போடாதீர்கள். ஒரு கரண்டி குழம்பைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். சற்று ஆறட்டும், நாக்கைச் சுடும் சூட்டில் எந்த ருசியும் சரியாகப் பிடிபடாது. பிறகு ஒரு பிடி சோற்றில் பிசைந்து வாயில் போடுங்கள். தனியே கரிக்கும் குழம்பு சோற்றோடு சேர்ந்ததும் சரியாகிவிடுவது உண்டு. அப்போதும் குறை தெரிந்தால், மருந்தை அந்தக் கிண்ணத்துக்குக் கொடுத்துப் பாருங்கள். வீணானால் போவது ஒரு கரண்டிதானே!

புளிப்பு அதிகம் என்று தோன்றினால், முதலில் குழம்பு போதுமான அளவு கொதித்ததா என்று பாருங்கள். பச்சை வாசனை அடங்காததைத்தான் பல நேரம் புளி கூடிவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கட்டும். அதற்குப் பிறகும் பல் கூசினால் வெல்லம் போடலாம். வெல்லம் புளியிலுள்ள அமிலத்தை எடுத்துவிடாது. இனிப்பு சேர்ந்ததும் நாக்குக்குப் புளிப்பு அடங்கித் தெரிகிறது, அவ்வளவுதான். இனிப்பு தனியே தெரிவதற்கு முன் நிறுத்திவிட வேண்டும்.

உப்புதான் பெரிய சங்கடம். உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டால் உப்பை இழுத்துக்கொள்ளும் என்பார்கள். கிழங்கு உப்பை மட்டும் பொறுக்கி எடுப்பதில்லை. உப்புத் தண்ணீரை அப்படியே உறிஞ்சுகிறது. மிச்சமிருக்கும் குழம்பின் கரிப்பு அநேகமாக அப்படியேதான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு டம்ளர் சாம்பாருக்கு ஒரு ஸ்பூன் உப்பு போட வேண்டிய இடத்தில் ஒன்றரை விழுந்துவிட்டது என்றால், அது ஆறு டம்ளருக்கான உப்பு. சாம்பாரை ஆறு டம்ளராக்குவதுதான் நேர்வழி. வெறும் தண்ணீர் ஊற்றினால் புளியும் மணமும் சேர்ந்தே இறங்கிவிடும். உப்பில்லாமல் வேகவைத்த பருப்பைக் கரைத்து ஊற்றி, புளியும் பொடியும் கொஞ்சம் கூட்டி, ஒரு கொதி விடுங்கள். பொரியல் கரித்தால் தேங்காய்த் துருவல் கைகொடுக்கும்.

எலுமிச்சையோ வெல்லமோ சேர்த்து உப்பை அமுக்கலாம் என்றும் சொல்வார்கள். நாக்கு ஏமாறும், உடம்பு ஏமாறாது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். வீட்டில் ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் இருந்தால் இந்த மறைப்பு வேலை வேண்டவே வேண்டாம்.

கல் உப்பு போட்டுப் பழகிய கை தூள் உப்புக்கு மாறும்போது கவனம் தேவை. தூள் உப்பு ஸ்பூனில் இடைவெளியில்லாமல் நிறைவதால் எடை கூடுதலாக இருக்கும். கீரைக்கும் வெந்து சுருங்கிய பிறகே உப்புப் போடுங்கள். பச்சையாகக் குவிந்திருப்பதைப் பார்த்துப் போட்டால் நிச்சயம் கரிக்கும்.

காரத்துக்குத் தண்ணீர் அவ்வளவாகப் பயன்படாது. மிளகாயின் காரச்சத்து கொழுப்பில் கரைவது. அரைத்த தேங்காய், தேங்காய்ப்பால், கொஞ்சம் நெய், இவைதான் அதை அடக்கும்.

ரசம் சப்பென்று இருந்தால் ரசப்பொடியைத் தேடுவதற்கு முன், கிண்ணத்தில் ஒரு கல் உப்பைக் கரைத்துப் பாருங்கள். பெரும்பாலும் குறை அதுவாகத்தான் இருக்கும். உப்பு சேர்ந்ததும் மிளகும் புளியும் தாமாக எழுந்துவரும். எலுமிச்சை பிழிவதானால் அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள்.

தாளிப்பில் கருகிய வெந்தயத்தின் கசப்புக்கு நல்ல மாற்று கிடையாது. குழம்பில் கொட்டுவதற்கு முன்பே தெரிந்துவிட்டால், எண்ணெயோடு கீழே ஊற்றிவிட்டுப் புதிதாகத் தாளியுங்கள். குழம்பு அடிபிடித்துவிட்டால் கரண்டியால் கிளறாதீர்கள், சுரண்டாதீர்கள். மேலாக இருப்பதை மட்டும் மெதுவாக வேறு பாத்திரத்துக்கு மாற்றி, ஒரு கரண்டி எடுத்துச் சோற்றில் பிசைந்து பாருங்கள். தீய்ந்த வாடை ஏறவில்லை என்றால் தாராளமாகப் பரிமாறலாம்.