பல்கலைக்கழகம் புகும் நம் பிள்ளைகள்

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் நம் மானகிரிக்கு அருகில்தான் உள்ளது. ஆயினும் வகுப்பில் எழுந்து ஐயம் கேட்க நம் பிள்ளைகளுக்கு நா எழுவதில்லை. ஊரையும் தெருவையும் கேட்டு எடைபோடும் கண்களை அவர்கள் அறிவர். அவ்வச்சம் அவர்தம் குற்றமன்று. ஆகவே ஒரே தோழனைப் பற்றிக்கொள்கின்றனர். அவன் முகந்திருப்பிய அன்றே படிப்பை விட்டு ஊர் திரும்பியவரையும் நாம் கண்டோம்.

1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அண்ணல் அம்பேத்கருக்கு, விடுதியில் நவல் பதேனா என்னும் பார்சித் தோழர் வாய்த்தார். பின்னாளில் இலண்டன் படிப்பைத் தொடரப் பணம் தந்து உதவியவரும் அவரே. துணை நாடுவது இழிவன்று. ஆனால் அண்ணல் நூலகத்தையும், ஜான் டூயி போன்ற ஆசிரியர்களையும் நாடினார். ஒரு தோளை மட்டும் நம்பவில்லை.

படித்து முடித்தோர், புதிதாய்ச் சேர்வோரை முதல் வாரமே பேராசிரியரிடமும் நூலகத்திற்கும் அழைத்துச் செல்ல வேண்டுகிறோம். இசைவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் தருக.