சர்க்யூட் போர்டு செய்ய எந்த பிரிண்டர் வாங்கலாம்?

(நம் சமூகக் கூடத்தில், பிள்ளைகளுக்கான கோடை விடுமுறை மின்னணுப் பயிற்சியின் முதல் நாளன்று பேசியது)

பத்து நிமிடத்தில் முடிக்கச் சொல்லி செயலாளர் கடிகாரத்தைக் காட்டிவிட்டார். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மேல்நிலைத் தொட்டி நிரம்பினால் மணி அடிக்கும் சின்னக் கருவி ஒன்றை பம்ப் அறையில் மாட்டினேன் அல்லவா? அதைப் பார்த்துவிட்டு பிள்ளைகள், "அங்கிள், இந்த போர்டை நீங்களே செஞ்சீங்களா?" என்று கேட்டார்கள். பெற்றோர்கள் வேறு கேள்வி கேட்டார்கள். "எப்படியும் வீட்டுக்கு ஒரு பிரிண்டர் வாங்கணும். இதுக்கும் ஆகிற மாதிரி எதை வாங்கலாம்?" அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்லப்போகிறேன். காரணம், அதில் பணத்தை விட்டவன் நான்.

நான் முதலில் வாங்கியது கலர் இங்க்ஜெட். புகைப்படம் அருமையாக வந்தது. அதில் சர்க்யூட் படத்தை அச்சிட்டு, தாமிரம் பூசிய போர்டின் மேல் கவிழ்த்து வைத்து, இஸ்திரிப் பெட்டியால் அரை மணி நேரம் தேய்த்தேன். தாள் பழுப்பானது. தாமிரத்தில் ஒரு கோடுகூட ஏறவில்லை. பிரிண்டர் மேல் குற்றமில்லை. எனக்குத்தான் விவரம் போதவில்லை.

இங்க்ஜெட்டில் இருப்பது மை. தாளில் ஊறிக் காய்ந்துவிடும், திரும்ப உருகாது. லேசர் பிரிண்டரில் இருப்பது டோனர். அது மை அல்ல, நிறமேற்றிய பிளாஸ்டிக் தூள். பிரிண்டருக்குள் சூடான உருளை அதை உருக்கித் தாளில் ஒட்டுகிறது. மறுபடி சூடாக்கினால் மறுபடி உருகும். இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் அது தாளை விட்டுத் தாமிரத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு போர்டை ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டால், டோனர் மூடிய இடத்தில் தாமிரம் தங்கும், மற்றதெல்லாம் கரைந்துவிடும். அவ்வளவுதான் வித்தை. 1938-இல் நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் எடுத்த முதல் ஜெராக்ஸ் பிரதியே, தூளை மெழுகுத் தாளுக்கு மாற்றிச் சூடாக்கி ஒட்டியதுதான். நாம் தாளுக்குப் பதில் தாமிரத்தில் ஒட்டுகிறோம்.

ஆகவே முதல் விதி: கருப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் போதும். வாங்கும்போது இவற்றைப் பாருங்கள்.

ஒன்று, தாள் போகும் பாதை. வழவழப்பான தாளும் கெட்டித் தாளும் அதிகம் வளையாமல் போகவேண்டும். ஒவ்வொரு தாளாகக் கையால் செருகும் வாய் இருக்கிறதா என்று கடையில் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

இரண்டு, டோனர் அடர்த்தி. அடர்த்தியைக் கூட்டவும், டோனர் சேமிப்பு வசதியை அணைக்கவும் வழி இருக்கவேண்டும். வெளிறிய அச்சு என்றால் கோட்டின் நடுவே ஊசித் துளைகள் விழும். அதன் வழியே கரைசல் புகுந்து கோட்டை அரித்துவிடும்.

மூன்று, 600 டிபிஐ போதும். அதில் ஒரு புள்ளி சுமார் 0.04 மி.மீ. நம் பிள்ளைகள் போடப்போகும் கோடு அரை மி.மீ. அகலம். 1200 டிபிஐக்காக மட்டும் கூடுதல் பணம் தரவேண்டாம். வைஃபையும் இந்த வேலைக்குத் தேவையில்லை.

நான்கு, டோனர் தீர்ந்தால் மாற்று கார்ட்ரிட்ஜ் என்ன விலை, மறுநிரப்பல் செய்ய முடியுமா என்பதை வாங்கும் முன்பே கேளுங்கள். எல்லா டோனரும் ஒரே சூட்டில் உருகாது. ஆகவே முடிந்தால் ஒரு மாதிரி அச்சு எடுத்து வந்து, வீட்டில் தேய்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்று: லேசர் பிரிண்டர் சூடேறும் நொடியில் மின்சாரத்தை அள்ளி இழுக்கும். அதை வீட்டு இன்வெர்ட்டர் இணைப்பில் மாட்டாதீர்கள்.

"எங்களுக்குக் கலரும் வேண்டுமே, பள்ளிக்கூட ப்ராஜெக்ட் இருக்கிறதே" என்பவர்கள் இங்க்ஜெட்டே வாங்கலாம். அதற்கு வேறு வழி உண்டு. இங்க்ஜெட்டுக்கான ஓ.எச்.பி. ஷீட்டில் படத்தை அச்சிட்டு, ஒளிபட்டால் இறுகும் படலத்தைப் போர்டில் ஒட்டி, புறஊதா விளக்கில் காட்டவேண்டும். நுணுக்கமான கோடுகள் வரும், ஆனால் வேலை கூடுதல். அந்த ஷீட்டையோ இங்க்ஜெட் போட்டோ தாளையோ லேசர் பிரிண்டரில் மட்டும் விடாதீர்கள். உள்ளே உருகி உருளையில் ஒட்டிக்கொண்டால் செலவு பெரிது.

அச்சிடும்போது இரண்டு கவனம். அளவு 100 சதவீதம் இருக்கட்டும். 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை எடுத்துவிடுங்கள். 40 கால் ஐ.சி.யில் ஒரு வரிசையின் முதல் காலுக்கும் கடைசிக் காலுக்கும் இடையே 48.26 மி.மீ. படம் மூன்று சதவீதம் சுருங்கினாலும் கடைசியில் ஒன்றரை மி.மீ. தள்ளிப்போகும். ஐ.சி. உட்காராது. தேய்க்கும் முன் அதைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். அடுத்தது, படத்தில் தாமிரப் பக்கத்து எழுத்து தாளில் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவதுபோல இருக்கவேண்டும். அப்போதுதான் தாமிரத்தில் நேராக விழும்.

கடைசியாக, நம் எல்லோருக்கும் பொதுவான ஒரு விஷயம். பயன்படுத்திய கரைசலில் தாமிரம் கலந்திருக்கும். அதைத் தொட்டியிலோ கழிப்பறையிலோ ஊற்றினால் நேராக நம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். அங்கே கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தம் செய்வது நுண்ணுயிர்கள். தாமிரம் அவற்றுக்கு விஷம். வழியில் ஸ்டீல் சிங்க்கையும் அரிக்கும். ஆகவே கையுறை போட்டு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, பிளாஸ்டிக் தட்டில் மட்டுமே செய்யுங்கள். கரைசலைப் பெயர் எழுதிய பிளாஸ்டிக் பாட்டிலில் வையுங்கள். பல போர்டுகளுக்கு அதுவே வரும். வீரியம் போனதைச் சேர்க்க பராமரிப்பு அறையில் ஒரு கேன் வைத்து, அபாயகரமான வீட்டுக் கழிவாகத் தனியே ஒப்படைக்க ஏற்பாடு செய்யுமாறு சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இத்தனையும் கேட்டுவிட்டு நாளைக்கே யாரும் கடைக்கு ஓடவேண்டாம். நம் பராமரிப்புக் கட்டண ரசீதை அச்சிடும் சங்க அலுவலகப் பிரிண்டர் கருப்பு வெள்ளை லேசர்தான். லேசருக்கான வழவழத் தாள் பத்து கொண்டுவந்திருக்கிறேன். முதல் போர்டை அதில் அச்சிட்டுச் செய்து பாருங்கள். அதற்கப்புறமும் பிள்ளைக்கு ஆசை குறையவில்லை என்றால் பிரிண்டர் வாங்குங்கள். பொருளாளர் சரி என்று தலையாட்டுகிறார். அவர் மனம் மாறுவதற்குள் என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.