மனச்சோர்வுற்று மருத்துவமனையில் இருப்போரும் உடலியக்கமும்
(திருவிழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

தஞ்சோங் ரம்புத்தான் என்னும் ஊர்ப்பெயர் பேராக் தமிழர் நாவில் நெடுங்காலமாக ஒரு வசைச்சொல்லாகவே வழங்கி வருகிறது. 1911ஆம் ஆண்டில் அங்கே திறக்கப்பெற்ற மனநல மருத்துவமனையே அதற்குக் காரணம். இன்று அதன் பெயர் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. பஹாகியா என்னும் மலாய்ச் சொல்லுக்கு மகிழ்ச்சி என்பது பொருள். பெயர் மாறியும் வசை மாறவில்லை. மனச்சோர்வுற்ற மகளையோ தந்தையையோ மருத்துவமனையில் சேர்த்தவர்கள், உறவினர் வினவினால், "வெளியூர் போயிருக்கிறார்" என்று மறைத்துவிடுகின்றனர். மறைப்பதால் நேரும் முதற்கேடு யாதெனில், பார்க்க வருவோர் அற்றுப்போவதே. நோயாளி எழுந்து நடமாட வேண்டுமென மருத்துவர் விரும்பும் வேளையில், உடன் நடக்க ஆள் இல்லை.

இந்நோய் யாரோ சிலருக்கு உரியதன்று. மலேசியச் சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு ஆய்வு, வயதுவந்தோருள் 2.3 விழுக்காட்டினர் மனச்சோர்வுற்றிருப்பதாகக் கண்டது. 2023ஆம் ஆண்டு ஆய்விலோ அது 4.6 விழுக்காடாயிற்று, ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர்.

மனச்சோர்வு உள்ளத்தை மட்டும் பற்றுவதன்று. உறக்கம் கெடும், பசி அடங்கும், கைகால் கல்லாய்க் கனக்கும். எழ இயலாமல் படுத்திருப்பவரைச் சோம்பேறி என்பது, காலொடிந்தவரை ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும். ஆயினும் படுத்தே கிடந்தால் உடல் மேலும் தளர்கிறது. அத்தளர்ச்சி சோர்வை வளர்க்கிறது. இச்சுழலை உடல் வழியாகவும் அறுக்கலாம் என்பதே மருத்துவர் கண்டது.

நார்வே நாட்டு மருத்துவர் மார்ட்டின்சனும் அவர்தம் குழுவினரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கருதத்தக்கது. மருத்துவமனையில் தங்கியிருந்த மனச்சோர்வு நோயாளிகள் 43 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் வாரம் மும்முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், ஒன்பது வாரங்கள் உடற்பயிற்சி செய்தனர். மற்றையோர் அந்நேரத்தில் கைத்தொழிற் பயிற்சியில் ஈடுபட்டனர். உடற்பயிற்சி செய்தோர்க்குச் சோர்வு மிகுதியாகக் குறைந்தது. ஆய்வு சிறியது, ஆதலின் பயிற்சி ஒன்றே போதும், மாத்திரையை நிறுத்திவிடலாம் என எவரும் முடிவுகட்டலாகாது. மருந்தோடு சேர்ந்து நிற்கும் துணையே இது.

உடலுழைப்பு என்றால் தோட்டப்புறத்தில் வாழ்ந்தோர்க்குச் சொல்லித் தர வேண்டுவதில்லை. விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, நூற்றுக்கணக்கான பால்மரங்களை நடந்து நடந்தே சீவியவர்கள் அவர்கள். அத்தகைய முதியவரிடம் "உடற்பயிற்சி செய்யுங்கள், தாத்தா" என்றால் அவர் நகைக்கவும் கூடும். மண்வெட்டியையோ பூச்செடிக்கு நீரூற்றும் வாளியையோ கையில் தந்தால் எழுந்துவிடுவார். சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைவராயிருந்த டாக்டர் சாரதா மேனன், நோயாளிகள் தொழில் செய்து தேறுவதற்கு வழிவகுத்தவர். விரும்பிச் செய்யும் வேலைக்கும் கூலியின்றி வாங்கும் வேலைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் மறத்தலாகாது.

தொடங்கும் முறையில்தான் பலர் தவறுகின்றனர். முதல்நாள் படுக்கையில் எழுந்து அமர்தலே போதும். மறுநாள் கழிவறை வரை. பின்னர் வார்டின் தாழ்வாரத்தில் ஐந்து நிமிடம். கடுஞ்சோர்வுற்றோர் பலர்க்குக் காலைப்பொழுதே மிகக் கொடியது. மாலையில் சற்றுத் தெளிவர். ஆதலின் மாலையில் அழைப்பதே அறிவுடைமை. "நட" என ஏவுவதினும் "வாருங்கள், அண்ணே, அந்த மரத்தடி வரைக்கும் போய் வரலாம்" என்று உடன் எழுதல் நன்று. மறுத்தால் சினவாது மறுநாளும் அழைத்தல் வேண்டும்.

இதய நோய், நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். மனச்சோர்வு மருந்துகள் சிலவற்றால், திடீரென எழும்போது தலைசுற்றும்; மெல்ல எழச்செய்க. லித்தியம் உட்கொள்வோர் இந்நாட்டு வெயிலில் வியர்த்து நீர் வற்றினால் அம்மருந்து குருதியில் மிகுந்து தீங்காகும். தண்ணீர்ப் புட்டியின்றி வெளியே அழைத்துச் செல்லாதீர்கள்.

இன்னொன்று, அச்சுறுத்துவதற்காக அன்று, காப்பதற்காகச் சொல்லப்படுகிறது. உடலில் வலு திரும்பிய பின்னும் உள்ளத்தின் இருள் சில காலம் நீங்காதிருப்பதுண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உடையவர்க்கு அக்காலமே ஆபத்தானது. "நன்றாக நடக்கிறாரே" என்று மகிழ்ந்து தனியே விட்டுவிடுதல் கூடாது. வெளியே அழைத்துச் செல்லுமுன் தாதியரிடம் சொல்லிவிட்டே செல்லுக. அவர் வாய்விட்டு ஏதேனும் சொல்லியிருப்பின், அதனை மறையாது மருத்துவர்க்கு அறிவித்தல் வேண்டும்.

சித்தியவானிலிருந்து தஞ்சோங் ரம்புத்தான் செல்ல ஈப்போவையும் கடந்தாக வேண்டும். நாள்தோறும் எவராலும் இயலாது. குடும்பத்தார் முறைவைத்து, வாரத்தில் ஒருவரேனும் செல்லலாம். பலகாரத்தோடு, அவருக்கு அளவான ஒரு சோடி காலணியையும் கொண்டுசெல்லுங்கள். வீட்டில் அணிந்த சிலிப்பரோடு வந்து சேர்ந்தவர்க்கு நடக்க ஏற்ற காலணி இராது. அவர் வீடு திரும்பிய பின் மருத்துவமனையில் நடந்த அதே மாலை நேரத்தில், அண்டை வீட்டார் ஒருவர் வாயிலில் நின்று அழைத்தால் போதும். நோயைப் பற்றி வினவ வேண்டா.