சத்தம் போடும் பிரேக்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"உனக்குத் தெரிஞ்சதைப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்று செயலாளர் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்தது பழைய மோட்டார் சைக்கிள். ஊர் கிளியனூர். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். கிழக்கே போனால் மரக்காணம், உப்பளம், அப்புறம் கடல். அந்தப் பக்கத்துப் பழைய புல்லட்டுகளின் பிரேக் ஏன் கத்துகிறது, அதை எப்படிச் சரிசெய்வது என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு. "இதுல பேச என்னய்யா இருக்கு?" என்று பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. உயிர் இருக்கிறது, அதனால்தான் பேசுகிறேன்.

புல்லட் இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த வண்டி. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தொடங்கி, பிறகு திருவொற்றியூரில் முழு வண்டியும் தயாரானது. தாய்க் கம்பெனி மூடிய பிறகும் பிள்ளை மட்டும் நம் ஊரில் வாழ்ந்தது. அந்தப் பழைய வண்டிகளுக்கு முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கெல்லாம் ஏ.பி.எஸ். கட்டாயம் என்று ஆன பிறகு, பெரிய வண்டிகளில் முன்பக்க டிரம் பிரேக் வழக்கொழிந்தது. அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த கைகளும் குறைந்துகொண்டே வருகின்றன.

டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் வார்ப்பிரும்புச் சட்டி. உள்ளே பிறை நிலா மாதிரி இரண்டு ஷூ. லீவரை இழுத்தால் கேம் திரும்பி, ஷூக்களை அகட்டி, லைனிங்கைச் சட்டியின் மேல் அழுத்துகிறது. இயற்பியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், நிலை உராய்வு அதிகம், இயக்க உராய்வு குறைவு. லைனிங் ஒரு கணம் பிடிக்கிறது, மறுகணம் வழுக்குகிறது, மறுபடி பிடிக்கிறது. வயலின் வில் தந்தியில் செய்வதும் இதேதான். வேகம் குறைந்து வண்டி நிற்கப் போகும் நேரத்தில் 'கீ...' என்று கத்துவது அதனால்தான். சட்டி மணி மாதிரி அந்த அதிர்வை வாங்கிப் பெரிதாக்கி ஊருக்கே கேட்க வைக்கும்.

எங்கள் பக்கத்தில் இதோடு உப்பும் சேர்கிறது. உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். வண்டியை ராத்திரி வெளியே நிறுத்தினால் காலையில் சட்டிக்குள் மெல்லிய துரு படிந்திருக்கும். முதல் நாலைந்து முறை பிரேக் பிடிக்கும்போது கத்திவிட்டு நின்று போனால் அதற்கு மருந்தே வேண்டாம், விட்டுவிடுங்கள். பகல் முழுக்கக் கத்தினால்தான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும்.

கழற்றுவதற்குப் பதில் சிலர் செய்கிற வேலையைச் சொல்கிறேன். ஒரு பட்டறையில், பெயர் வேண்டாம், பிரேக் தட்டின் ஓரமாக ரெண்டு சொட்டு இன்ஜின் ஆயில் விட்டார்கள். "சத்தம் போச்சு பாருங்க சார்!" போகாதா பின்னே? பிடிக்கிற இடத்தில் எண்ணெய் விட்டால் பிடிப்பும் போகும், சத்தமும் போகும். அந்த வண்டிக்காரர் எங்கள் தெருக்காரர். மரக்காணம் போகிற வழியில் குறுக்கே மாடு வர, லீவரை முழுக்க இழுத்தும் வண்டி நிற்கவில்லை. பள்ளத்தில் இறங்கித் தோள்பட்டை எலும்பு முறிந்தது. வண்டி என் வீட்டுக்கு வந்தபோது லைனிங் எண்ணெய் குடித்துக் கறுத்துப் போயிருந்தது. எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவினாலும், நெருப்பில் வாட்டினாலும் திரும்பச் சூடேறும்போது எண்ணெய் கசியும். தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது. சக்கர பேரிங்கின் சீல் கிழிந்து கிரீஸ் உள்ளே வந்தாலும் இதே கதிதான், அதனால் சீலையும் பார்த்துவிடுங்கள்.

சரி, ஒழுங்காகச் செய்வது எப்படி? முதலில் காதைத் தீட்டுங்கள். 'கீ' என்ற கீச்சுக்குரல் வேறு, 'கரகர' வேறு, 'டக்' வேறு. கரகரவென்றால் லைனிங் தேய்ந்து ரிவெட் தலை சட்டியைச் சுரண்டுகிறது என்று சந்தேகப்படுங்கள். அன்றைக்கே நிறுத்த வேண்டிய வண்டி அது. பிரேக் பிடித்தவுடன் ஒரே ஒரு 'டக்' என்றால் பிரேக் தட்டைப் பிடித்து நிறுத்தும் இடத்தில் ஆட்டம் இருக்கிறது. சத்தத்தோடு லீவரும் விரலில் துடித்தால் சட்டி வட்டமாக இல்லை. முன்சக்கரத்தில் ஸ்போக் இழுப்பே சட்டியைக் கோணலாக்கும். ஆகவே ஸ்போக்கை இறுக்கி, கோட்டம் எடுத்து, முழுச் சக்கரத்தையும் லேத்தில் ஏற்றித்தான் சட்டியைக் கடைய வேண்டும். அதுவும் துரு வரம்பு போகிற அளவுக்கு மட்டும்.

வெறும் கீச்சுக்குரல் என்றால் பெரும்பாலும் லைனிங் கண்ணாடி மாதிரி மெருகேறியிருக்கும், அல்லது ஷூவின் முன்முனை கூராக இருந்து சட்டியைக் கொத்தும். முனையைக் கால் அங்குல அளவுக்கு அரத்தால் சரித்துவிடுங்கள். மெருகை உப்புத்தாள் போட்டு எடுங்கள். (உப்பளக்காரர்களுக்கு வைத்தியமும் உப்புத்தாள்தான், பெயர்ப் பொருத்தம் பாருங்கள்!) பிறகு நம் கல்லூரியில் பஞ்சமில்லாத சாக்பீஸை எடுத்துச் சட்டியின் உள்சுவரில் பூசி, சக்கரத்தை மாட்டிச் சுற்றி, லேசாகப் பிரேக் பிடித்துக் கழற்றிப் பாருங்கள். லைனிங்கில் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கே மேடு. அதை மட்டும் தேயுங்கள். மூன்று நான்கு தடவை செய்தால் வெள்ளை பரவலாக ஒட்டும். பொறுமை வேண்டும், நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் சாக்குப் பொடியை ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள்.

கேம், ஷூ திரும்பும் முளை இரண்டுக்கும் சூடு தாங்கும் கிரீஸ், தீக்குச்சி முனையளவு மட்டும். உப்புக்காற்றில் இவை இறுகி, லீவரை விட்டாலும் ஷூ திரும்பாமல் உரசிக்கொண்டே இருக்கும். எங்கள் பக்கத்துச் சத்தங்களில் பாதிக்கு இதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

பின்னால் வந்த 350 புல்லட்டுகளில் முன்பக்கம் 7 அங்குலச் சட்டி, இரண்டு கேம், இரண்டு ஷூவும் சுற்றும் திசையிலேயே பிடிக்கும் அமைப்பு. இரண்டு கேமையும் இணைக்கும் கம்பியின் நீளம் சரியில்லையென்றால் ஒரு ஷூ மட்டும் வேலை செய்து கத்தும், மற்றது சும்மா இருக்கும். கம்பியைக் கழற்றி, இரண்டு ஷூவும் ஒரே நேரத்தில் தொடும்படி வைத்து மறுபடி மாட்டுங்கள். இன்னொன்று, இந்தப் பிரேக் முன்னோக்கித்தான் பலசாலி. மேம்பாலச் சரிவில் வண்டி பின்னால் உருளும்போது அதை மட்டும் நம்பாதீர்கள், காலையும் ஊன்றுங்கள்.

மாட்டும்போது பலர் விட்டுவிடுகிற ஒன்று: ஆக்சில் நட்டை இறுக்கும் முன் பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். தட்டு தானாக நடுவுக்கு வரும். பிடித்தபடியே இறுக்குங்கள். சில வண்டிகளில் இது ஒன்றிலேயே சத்தம் நின்றுபோகும்.

தம்பிகளே, கடைசியாக ஒன்று. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதன் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளிகளின் உடல்நலம் வாழும் உரிமையில் சேர்ந்தது என்று நம் உச்ச நீதிமன்றமும் 1995-இல் தீர்ப்பு சொன்னது. அந்தப் பொடி நுரையீரலில் போய் இருபது, முப்பது வருஷம் கழித்துத்தான் நோயைக் காட்டும். பட்டறைப் பையன்கள் சட்டியைத் திறந்தவுடன் வாயால் ஊதுகிறார்கள், ஏர் அடிக்கிறார்கள். பார்க்கும்போதே வயிறு கலங்குகிறது. தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பிளாஸ்டிக் கவரில் கட்டிவிடுங்கள். உப்புத்தாளும் ஈரமாகவே போடுங்கள், மூக்குக்குத் தரமான முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். புது லைனிங் வாங்கும்போது "ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது கொடுங்க" என்று கடையில் கேட்டு வாங்குங்கள். உங்கள் வண்டியை ஒரு பையன் பிரிக்கிறான் என்றால் பக்கத்தில் நின்று ஊதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது லைனிங் போட்ட வண்டியை முதல் சில நாள் நிதானமாக ஓட்டுங்கள், சட்டியோடு பழக வேண்டும். கூட்டம் முடிந்ததும் வாசலில் என் வண்டி நிற்கும். ஸ்பானர் கொண்டுவந்திருக்கிறேன், பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம்.