மக்கோசா எனும் ஒரு சொல்



1972-ஆம் ஆண்டு ஆப்பிரிக்க நாடுகளின் கால்பந்துக் கோப்பைப் போட்டி கமரூன் நாட்டில் நடந்தது. அதற்கென மனு திபாங்கோ எனும் சாக்சபோன் இசைஞர் ஒரு பாட்டு ஆக்கினார். இசைத்தட்டின் ஒரு பக்கத்தை அது நிறைத்தது. மறுபக்கத்தில் 'சோல் மக்கோசா' எனும் பாட்டை வைத்தார். கமரூன் அரையிறுதியில் காங்கோவிடம் தோற்றது. போட்டியொடு போட்டிப்பாட்டும் மங்கியது. மறுபக்கமோ உலகைச் சுற்றி வந்தது!

திபாங்கோ 1933-இல் துவாலா நகரில் பிறந்தவர். தாய் துவாலா இனத்தார். தந்தை யபாசி இனத்தார். தாய் நடத்திய கோயிற் குழுப்பாட்டிலேயே அவர்தம் செவி இசைக்குப் பழகியது. 1949-இல் கல்வியின் பொருட்டுப் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். அங்குத் தங்க இடந்தந்த குடும்பத்துக்கு அவர் கொண்டுசென்ற கட்டணம் மூன்று கிலோ காப்பிக்கொட்டை! பின்னாளில் தம் வாழ்க்கை நூலுக்கு அதனையே பெயராக்கினார். அங்கே அமெரிக்கக் கருப்பரின் சாசு இசை அவரை ஆட்கொண்டது. பின்னர்க் கபசெலேயின் குழுவில் சேர்ந்து காங்கோ ரும்பாவையும் பயின்றார்.

மக்கோசா என்பது துவாலா நகரத்து ஆடலிசை. பெயரும் ஆட்டத்தைக் குறிக்கும் துவாலாச் சொல்லின் வழிப்பட்டதே. அசிக்கோ முதலிய பழைய ஆட்டங்களின் தாளத்தில், காங்கோ ரும்பாவும் மேலை ஆப்பிரிக்கக் கித்தார் இசையும் கலந்து வளர்ந்தது அது. கித்தார் முன்நின்ற இடத்தில் திபாங்கோ தம் சாக்சபோனை நிறுத்தினார். அடியில் அமெரிக்கக் கருப்பரின் பங்க் இசைத் துள்ளலை வைத்தார். அளந்து பார்ப்பின் அது முழு மக்கோசாவும் அன்று. தலைப்பிலேயே ஆங்கிலச் சொல் ஒட்டிக்கொண்டிருப்பதும் மறைத்தற்கில்லை. எனினும், கேட்டோர் நாவில் நின்றது எது? அசையசையாக உடைத்து, திக்கித் திக்கி, மீண்டும் மீண்டும் அவர் ஒலித்த அத் துவாலாச் சொல்லன்றோ!

நியூயார்க்கில் டேவிட் மான்குசோ என்பார் புரூக்ளின் கடையொன்றில் அவ்விசைத்தட்டைக் கண்டெடுத்துத் தம் ஆடற்கூடத்தில் ஒலிக்கச் செய்தார். பிராங்கி குரோக்கர் வானொலியில் பரப்பினார். தட்டுகள் தீர்ந்தன, பிறர் பாடிய படிகள் இருபதுக்கு மேல் முளைத்தன. 1973-இல் அட்லாண்டிக்கு நிறுவனம் மூலப்பாட்டை வெளியிட, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது 35-ஆம் இடம் எய்தியது.

1982-இல் மைக்கேல் சாக்சன் தம் 'திரில்லர்' தொகுப்பின் முதற்பாட்டில் அவ்வசைகளை எடுத்தாண்டார். இசைவு கேட்கவில்லை. திபாங்கோ வழக்கிட்டார், மன்றுக்கு வெளியே பணங்கொடுத்து அது தீர்க்கப்பட்டது. 2007-இல் ரியானா அவற்றைப் பாட விரும்பியபோது இசைவு கேட்டது சாக்சனிடம், துவாலாக்காரரிடம் அன்று! பெற்றவரை விடுத்து, எடுத்துச் சென்றவரிடம் இசைவு கேட்பதும் ஒரு முறையா? 2009-இல் திபாங்கோ பாரிசு நயன்மன்றத்தை நாடினார். பாட்டில் தம் பெயர் சேர்க்க முன்னரே அவர் கேட்டுப் பெற்றிருந்ததைக் காட்டி, மன்றம் அவ்வழக்கை ஏற்க மறுத்தது.

2020 மார்ச்சு 24-இல் கொரோனாத் தொற்றால் பிரான்சில் அவர் மறைந்தார். அகவை 86.