கம்பளியும் காவலும்
(திரும்பி வந்த குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீட்டுத் திட்டம், கொடுப்பனவு, தொலைந்துபோன பத்திரங்கள் பற்றியெல்லாம் மற்ற உத்தியோகத்தர்கள் உங்களோடு பேசியிருக்கிறார்கள். நான் ராத்திரித் தூக்கத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் எத்தனையோ இடங்களில் மலை சரிந்தது. நீங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினீர்கள். பாடசாலையிலும் கோவில் மண்டபத்திலும் படுத்தீர்கள். இப்போது திரும்பி வந்துவிட்டீர்கள். பகலில் மலைக்குப் போவதும் சமைப்பதும் பிள்ளைகளைப் பார்ப்பதுமாகப் பொழுது போய்விடுகிறது. ராத்திரி தகரத்தில் மழை விழ ஆரம்பித்ததும் நெஞ்சு படபடக்கிறது. படுத்தாலும் கண் மூடுவதில்லை. விடிந்தால் பெரட்டுக்குப் போக வேண்டும்.

இதை யாரும் பைத்தியம் என்று நினைக்க வேண்டாம். இப்படிப்பட்ட அனர்த்தத்துக்குப் பிறகு ஏறக்குறைய எல்லோருக்கும் மனக்கலக்கம் வரும், பெரும்பாலானவர்களுக்குக் காலம் போகப் போகக் குறையும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் குறையும்வரை தூங்க வேண்டுமே. அதற்கு இரண்டு ஏற்பாடுகள் சொல்கிறேன். ஒன்று காவல், மற்றது கம்பளி. காவலைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

ஏன் காவல் முதலில்? உங்கள் பயத்தில் ஒரு பாதி நியாயமான பயம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. மலை சரியும் என்று பயப்படுகிறவரிடம் "பயப்படாதே, தூங்கு" என்று சொன்னால் தூக்கம் வராது. "நீ தூங்கு, நான் முழித்திருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் வரும்.

ஆகவே மழை நாட்களில் லயத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து முழித்திருங்கள். முறைக்காரரிடம் சார்ஜ் ஏற்றிய போன், டோர்ச், ஒரு விசில் இருக்கட்டும். அடியிலிருந்து வாய்வரை ஒரே அகலமுள்ள ஒரு டின்னை வெட்டவெளியில் வையுங்கள். அதற்குள் அடிமட்டத்தை விட்டுப் பார்த்தால் எவ்வளவு மழை என்று தெரியும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 என்றால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 ஆனாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ உடனே வெளியேற வேண்டும். நிலத்திலும் சுவரிலும் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கிளம்பிய ஊற்று, கலங்கி வரும் தண்ணீர், இறுகிப்போன கதவு இவற்றில் எதைக் கண்டாலும் டின்னைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. உங்கள் லயம் இருக்கும் இடத்தை இன்னும் யாரும் வந்து பரிசோதிக்கவில்லை என்றால், அதைக் கிராம சேவகரிடம் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

காவல் வைத்த பிறகும் சிலருக்கு உடம்பு அடங்காது. மழை இல்லாத ராத்திரியிலும் திடுக்கிட்டு எழும்புவார்கள். பயத்தின் மற்றப் பாதி இதுதான். ஆபத்து போனாலும் உடம்பு அதை நம்புவதில்லை. இந்த இடத்தில்தான் கம்பளி உதவலாம்.

இப்போது வெளிநாடுகளில் பாரமான போர்வை என்று ஒன்று விற்கிறார்கள். கண்ணாடி மணிகளையோ சங்கிலியையோ உள்ளே வைத்துத் தைத்தது. உடம்பு முழுக்கச் சீரான பாரம் அழுத்தும்போது, யாரோ அணைத்துப் பிடித்திருப்பதுபோல உடம்பு தளர்கிறது என்பது அதன் எண்ணம். சுவீடனில் கரோலின்ஸ்கா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனநல சிகிச்சை பெற்றுவந்த, தூக்கம் வராத 120 பேரில் ஒரு பகுதியினருக்குப் பாரமான சங்கிலிப் போர்வையும் மற்றவர்களுக்கு லேசான போர்வையும் நான்கு வாரம் கொடுத்தார்கள். பாரமான போர்வை கிடைத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தூக்கக் கஷ்டம் பாதிக்குப் பாதி குறைந்தது என்றார்கள். லேசான போர்வைக்காரர்களில் அப்படிச் சொன்னவர்கள் இருபதில் ஒருவர் அளவுதான். ஆனால் தனக்குக் கிடைத்தது பாரமா லேசா என்று போர்த்தியவருக்கே தெரியுமே. அதனால் இதை உறுதியான மருந்து என்று சொல்ல முடியாது. செய்து பார்க்கத்தக்க ஓர் உதவி, அவ்வளவுதான்.

அந்தப் போர்வையை வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். கம்பளி நமக்குப் புதிதில்லை. முந்தைய தலைமுறை அம்மாமார் மழைக்கும் குளிருக்கும் கம்பளியைத் தலையிலிருந்து போர்த்திக்கொண்டுதான் கொழுந்து பறித்தார்கள். வீட்டில் இருக்கும் கம்பளியையோ தடித்த போர்வையையோ இரண்டாக மடித்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுங்கள். பொதுவாகச் சொல்லப்படும் அளவு உடம்பு நிறையில் பத்தில் ஒரு பங்கு. 50 கிலோ உள்ளவருக்கு 5 கிலோ. 5 கிலோ எவ்வளவு என்று கொழுந்து நிறுக்கிற உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் நாள் அதிலும் பாதி போதும். கால், தொடை, இடுப்புவரை பாரம் இருக்கட்டும். கழுத்துக்கும் முகத்துக்கும் வரக்கூடாது.

அரிசி, மணல் நிரப்பித் தைக்க வேண்டாம். நம் ஊர் ஈரத்துக்கு அரிசி பூஞ்சணம் பிடிக்கும், எலியும் வரும். வெயில் கண்ட நாளில் கம்பளியை வெளியே காயப் போடுங்கள். அடுப்புக்கு மேலே காயப் போட வேண்டாம்.

இனி மிக முக்கியமான விஷயம். விசில் சத்தம் கேட்டால் நீங்கள் ஓட வேண்டும். ஆகவே போர்த்திப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே கையால் தள்ளிவிட்டு எழும்பிப் பாருங்கள். உடனே முடியவில்லை என்றால் அந்தப் பாரம் உங்களுக்குக் கூடாது. போர்வையை உடம்போடு சுற்றிக் கட்டவும் கூடாது.

கைக்குழந்தைகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் பாரமான போர்வை வேண்டவே வேண்டாம். மூச்சு முட்டிவிடும், அவர்களால் தள்ளவும் முடியாது. குழந்தைகள் மேல் பாரம் வைக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் சொல்கிறது. பிள்ளை பயந்து அழுதால் பக்கத்தில் படுத்து, முதுகில் கையை வைத்து மெதுவாகத் தட்டிக்கொடுங்கள். தாத்தா பாட்டி சொல்லும் கதையும் அதே வேலையைச் செய்யும்.

தானாகப் புரண்டு படுக்க முடியாத முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் இது வேண்டாம். இழுப்பு, இருதய நோய், தூக்கத்தில் மூச்சு நிற்கிற குறட்டை, சீனி வியாதியால் கால் மரத்துப்போதல் உள்ளவர்களும் கர்ப்பிணித் தாய்மாரும் வைத்தியரிடம் கேட்காமல் செய்யக்கூடாது. குடித்துவிட்டுப் படுப்பவர் மேலும் போடாதீர்கள். அண்ணன்மாரிடம் இதைச் சேர்த்துச் சொல்கிறேன்: குடித்தால் சீக்கிரம் கண் அயரும், ஆனால் நடுராத்திரியில் தூக்கம் கலைந்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, விசில் சத்தம் காதில் விழாது.

ஒரு வாரம் செய்து பாருங்கள். மாலைக்குப் பிறகு சாயத் தேத்தண்ணியைக் குறைத்துக்கொள்ளுங்கள். படுக்கையில் போனில் மண்சரிவு வீடியோ பார்ப்பதை விடுங்கள். எச்சரிக்கை வந்தால் முறைக்காரர் எழுப்புவார். போர்வை வசதியாக இல்லை, மூச்சுத் திணறுகிறது, அன்றைக்கு மண்ணுக்குள் அகப்பட்ட ஞாபகம் வருகிறது என்றால் உடனே எடுத்துவிடுங்கள். சிலருக்குப் பாரமே பயத்தைக் கூட்டும். அது அவர்களுடைய குற்றமில்லை.

ஒரு மாதம் போயும் தூக்கம் வரவில்லை, ஒரே கெட்ட கனவு, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் கம்பளியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். தோட்ட வைத்தியரிடமோ குடும்ப நல உத்தியோகத்தரிடமோ சொல்லுங்கள். டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ கேட்டால் மனநல சிகிச்சைக்கு வழி காட்டுவார்கள். இனி வாழ்ந்து என்ன என்ற எண்ணம் உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்து, தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள்.

கூட்டம் முடிந்து போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு லயத்தாரும் ஒன்றாக நின்று, அடுத்த மழைக்கு முதல் முறை யாருடையது என்று இங்கேயே பேசி முடிவெடுங்கள். பெயர்களை எழுதி இஸ்தோப்புச் சுவரில் ஒட்டுங்கள். தனியாக இருக்கும் பாட்டிமார், தாத்தாமாரை யார் எழுப்பிக் கூட்டிப் போவது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். அது முடிந்தால் மற்றவர்கள் போர்த்திக்கொண்டு படுக்கலாம்.